பால்டிமோரிலிருந்து வாஷிங்டன் வரை: பள்ளி வழக்குகள் நடந்த ஊர்களின் வழியே

முதல் நாள்: பால்டிமோர்

அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்த வழக்குகளைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஐந்து வழக்குகளைச் சேர்த்து விசாரித்து, பொதுப் பள்ளிகளில் நிறத்தால் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் சொன்ன பிரவுன் தீர்ப்பில் தொடங்குகிறார்கள். வழக்கறிஞராக இருப்பவர் பால்டிமோரில் தொடங்குவது நல்லது. துறைமுகத்துக்கு அருகே பிராட் தெருவில், ஃபெடரல் நீதிமன்றத்தின் முன்னால் அந்த வழக்கில் வாதாடிய கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷலின் வெண்கலச் சிலை நிற்கிறது. அவருடைய முதல் பெரிய பள்ளி வழக்கு இந்த ஊரில்தான் நடந்தது.

மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் டொனால்ட் முர்ரே என்ற கறுப்பின இளைஞருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1935-இல் மார்ஷலும் அவருடைய ஆசிரியர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் அவருக்கு இடம் தரச் சொல்லி நகர நீதிமன்றத்தில் ஆணைப்பேராணை கேட்டார்கள். பிரித்து வைப்பதே தவறு என்ற வாதத்தை அவர்கள் அங்கே எடுக்கவே இல்லை. ‘தனியாக வைக்கலாம், சமமாக இருந்தால் போதும்’ என்ற 1896-இன் பிளெஸ்ஸி தீர்ப்பை அப்படியே ஏற்று, அதன் கணக்கை மட்டும் கேட்டார்கள்: மாநிலத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிச் சட்டக் கல்லூரி எங்கே? அப்படி ஒன்று கிடையாது. வெளி மாநிலத்துக்குப் போய்ப் படித்தால் மேரிலாந்து சட்டமும் இங்குள்ள நீதிமன்ற நடைமுறையும் எப்படிக் கைவரும்? முர்ரேவுக்கு இடம் கிடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1936 ஜனவரியில் அதை உறுதி செய்தது.

தொடக்கப் பள்ளியை விட்டுவிட்டு மேல்படிப்பில் கைவைத்தது ஹூஸ்டனின் கணக்கு. சட்டம், மருத்துவம் போன்ற படிப்புகளுக்குத் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு எந்தக் கல்லூரியும் இல்லை, ஆகவே சமம் என்று எதிர்த்தரப்பு வாயைத் திறக்க முடியாது. ஒரு மாணவருக்காகத் தனிக் கல்லூரி கட்டுவது மாநிலத்துக்குக் கட்டுப்படியாகாது. ஒரு நல்ல சட்டக் கல்லூரி எப்படி இருக்கும் என்பதை நீதிபதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து படிப்பதைப் பார்த்து ஊர் அவ்வளவாகக் கொதிக்காது, குழந்தைகள் விஷயம் என்றால் கொதிக்கும்.

இந்த வரிசையில் அடுத்தது மிசௌரியில் சட்டக் கல்லூரி இடம் மறுக்கப்பட்ட லாய்ட் கெய்ன்ஸின் வழக்கு. 1938-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். மறு ஆண்டு கெய்ன்ஸ் சிகாகோவில் காணாமல் போனார், இன்றுவரை தகவல் இல்லை. மனுதாரர் இல்லாமல் வழக்கும் போயிற்று. ஒரே மனுதாரரை நம்பி இறங்கக் கூடாது என்பது இந்த வழக்கறிஞர்களின் நடைமுறையில் அதன்பின் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

1950 ஜூன் 5 அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. டெக்சஸில் ஸ்வெட் என்பவருக்காக மாநிலம் அவசரமாகத் திறந்த தனிச் சட்டக் கல்லூரியில் 5 முழுநேரப் பேராசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 புத்தகங்கள். வெள்ளையரின் கல்லூரியில் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000 புத்தகங்கள். நீதிமன்றம் இந்த எண்களைச் சொல்லிவிட்டு, எண்ணில் அடங்காதவற்றையும் சேர்த்துக்கொண்டது: கல்லூரியின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு, நாளை நீதிமன்றத்தில் எதிரே நிற்கப்போகிறவர்களோடு பழகும் வாய்ப்பு. ஓக்லஹோமாவில் மெக்லாரின் என்ற கறுப்பின மாணவரைக் கல்லூரிக்குள் விட்டார்கள், ஆனால் உணவுக்கூடத்தில் தனி மேசை, நூலகத்தில் தனி இருக்கை, வகுப்பறைக்குப் பக்கத்துச் சிற்றறையில் நாற்காலி. சேரன்மாதேவி குருகுலத்துத் தனிப் பந்தியை அறிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பை விளக்க வேண்டியதில்லை. இங்கே கட்டடமும் ஆசிரியரும் பாடமும் ஒன்றே. அப்படியும் அது சமமில்லை என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, பிளெஸ்ஸியின் கீழே மிச்சமிருந்த மண் கொஞ்சம்தான்.

இரண்டாம் நாள்: டொபீகா, கான்சஸ்

கான்சஸ் சிட்டி விமான நிலையத்திலிருந்து மேற்கே காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் டொபீகா. மன்ரோ தொடக்கப் பள்ளி இப்போது தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது, அனுமதி இலவசம். 1926-இல் கட்டிய செங்கல் கட்டடம். கண்ணுக்கு லட்சணமாகவே இருக்கிறது, அதுதான் விஷயம்.

டொபீகாவில் வெள்ளைக் குழந்தைகளுக்கு 18 தொடக்கப் பள்ளிகள், கறுப்பினக் குழந்தைகளுக்கு 4. கட்டடம், பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி எல்லாம் ஏறத்தாழ ஒன்று. தெற்கில் ஒழுகும் கூரையைக் காட்டி வழக்கு நடத்தினால் நீதிமன்றம் ‘கூரையை மாற்று’ என்று சொல்லி முடித்துவிடும். இங்கே மாற்ற எதுவும் இல்லை என்பதால் பிரித்து வைப்பது மட்டுமே கேள்வியாக நின்றது. இப்படி ஓர் ஊர் வழக்குக்குத் தேவையாக இருந்தது.

வழக்கைத் தயாரித்த விதம் இன்றைக்கும் பின்பற்றத் தக்கது. 1950 இலையுதிர் காலத்தில் கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளை 13 பெற்றோரைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு மிக அருகிலுள்ள வெள்ளையர் பள்ளிக்குக் குழந்தையோடு போக வேண்டும், கூட ஒரு சாட்சி வேண்டும், சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், மறுப்பை வாங்கிக்கொண்டு வந்து தெரிவிக்க வேண்டும். சேர்க்கவே கேட்காதவருக்கு மறுக்கப்பட்டது என்று மனுவில் எழுத முடியாது. இந்தப் படியைத் தவறவிட்ட எத்தனையோ வழக்குகள் முதல் வாய்தாவிலேயே விழுந்திருக்கின்றன. 1951 பிப்ரவரி 28 அன்று வழக்கு தாக்கலானது. சட்டம் கான்சஸின் 1879-ஆம் ஆண்டுச் சட்டம். 15,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் தொடக்கப் பள்ளியில் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்றது அது, கட்டாயம் என்று சொல்லவில்லை.

மூன்று நீதிபதிகளும் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் நீதிபதி ஹக்ஸ்மன் தீர்ப்போடு இணைத்த உண்மை முடிவுகளில் எட்டாவதாக, பிரித்து வைப்பது கறுப்பினக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறது, சட்டத்தின் ஒப்புதலோடு செய்யும்போது தீங்கு இன்னும் கூடுகிறது என்று பதிவு செய்தார். உச்ச நீதிமன்றம் 1954-இல் அதை அப்படியே எடுத்து எழுதியது. விசாரணை நீதிமன்றத்தில் தோற்பது உறுதி என்று தெரிந்த வழக்கிலும் சாட்சிகளை முழுமையாக விசாரிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. தீர்ப்பு போனாலும் பதிவு மேலே போகும்.

இரண்டு கசப்பான செய்திகள். தீர்ப்பு வந்தபோது, வழக்குக்குப் பெயர் தந்த பிரவுன் குடும்பத்தின் மகள் லிண்டா நடுநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். டொபீகாவில் நடுநிலைப் பள்ளிகள் ஏற்கெனவே கலந்தவை. இரண்டாவது, வழக்கு வென்றால் மறு ஆண்டு வேலை நிச்சயமில்லை என்று கறுப்பின ஆசிரியர்களுக்கு 1953-இலேயே கடிதம் போயிற்று. பின்னர் தெற்கு முழுவதும் பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். குழந்தைகளை எங்கே சேர்ப்பது என்று கேட்ட மனுக்களில் ஆசிரியர்களை எங்கே அமர்த்துவது என்ற கோரிக்கை பெரும்பாலும் இல்லை.

மூன்றாம் நாள்: சார்ல்ஸ்டன், தெற்குக் கரோலினா

மீட்டிங் தெருவும் பிராட் வீதியும் சந்திக்கும் முனையில் ஃபெடரல் நீதிமன்றம். நீதிபதி வேட்டிஸ் வாரிங்கின் பெயரை 2015-இல் இந்த வளாகத்துக்கு வைத்தார்கள். அவர் வாழ்ந்த வீடு அதே மீட்டிங் தெருவில், நடந்தே போகலாம். ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கத் தேர்தலில் கறுப்பினத்தவரை வாக்களிக்க விட வேண்டும் என்று 1947-இல் தீர்ப்பளித்ததிலிருந்து இந்தத் தெருவில் அவரோடு பேசுவாரில்லை. 1952-இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்.

கிளாரெண்டன் மாவட்டத்துச் சமர்ட்டன் ஊரின் கறுப்பினப் பெற்றோர் இந்த நீதிமன்றத்தில் தொடுத்த பிரிக்ஸ் வழக்கு முதலில் தாக்கலானபோது சமமான வசதிகளைத்தான் கேட்டது. 1950 நவம்பரில் முன்விசாரணைக்கு வந்த மார்ஷலிடம் வாரிங், பிரித்து வைப்பதையே நேரடியாக எதிர்த்துப் புதிய மனுவாகக் கொண்டுவாருங்கள் என்றார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாநிலச் சட்டமே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சொல்லித் தடையாணை கேட்டால், அன்றைய விதிப்படி ஒரு நீதிபதி விசாரிக்க முடியாது, மூவர் அமர்வு வேண்டும். பழைய மனுவோடு போனால் வாரிங் ஒருவரே விசாரிப்பார், வெற்றி ஏறக்குறைய கையில். புதிய மனுவோடு போனால் இன்னும் இரண்டு பேர் சேர்வார்கள், தோல்வி ஏறக்குறைய நிச்சயம். ஆனால் மூவர் அமர்வின் தீர்ப்பிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு நேரடி மேல்முறையீட்டு உரிமை உண்டு. இடையில் இன்னொரு நீதிமன்றம் கிடையாது, ‘எடுத்துக்கொள்கிறோமா பார்க்கலாம்’ என்ற அனுமதிக் கட்டமும் கிடையாது. மார்ஷல் தயங்கினார் என்பதும் பதிவான செய்திதான். டிசம்பரில் புதிய மனு தாக்கலானது.

1951 மே 28 காலை. கிளாரெண்டன் மாவட்டத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பி வந்தவர்கள் தாழ்வாரம் வரை நின்றார்கள். மாநிலத்தின் வழக்கறிஞர் ராபர்ட் ஃபிக் எழுந்து, பள்ளிகள் சமமாக இல்லை, ஒப்புக்கொள்கிறோம், சரிசெய்ய அவகாசம் வேண்டும் என்றார். கெட்டிக்காரத்தனமான நகர்வு. எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்ட விஷயத்துக்குச் சாட்சி எதற்கு என்று நீதிமன்றம் கேட்கும். வாதியின் வலுவான பாதி பதிவில் ஏறாமலே போய்விடும். மார்ஷல் விடவில்லை. எதில், எவ்வளவு சமமில்லை என்று தெரியாமல் நிவாரணம் கொடுக்க முடியாது என்ற அடிப்படையில் சாட்சிகளை ஏற்றினார். பள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்கெடுத்து வந்த கல்வித் துறைப் பேராசிரியர் கூண்டேறினார். ஒப்புக்கொள்ளுதலைக் கேட்டு மகிழ்ந்து உட்கார்ந்துவிடும் இளம் வழக்கறிஞர்கள் இந்தக் காலையைப் பற்றிப் படிக்க வேண்டும்.

பிறகு உளவியலாளர் கென்னத் கிளார்க்கின் பொம்மைகள். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லாத பொம்மைகள். 6 முதல் 9 வயதுள்ள 16 குழந்தைகளிடம் சமர்ட்டன் பள்ளியிலேயே சோதனை செய்தார். கேள்விகளின் வரிசை முக்கியம். முதலில் எதோடு விளையாடப் பிடிக்கும், எது நல்ல பொம்மை, எது மோசமாகத் தெரிகிறது என்ற விருப்பக் கேள்விகள். அடுத்து எது வெள்ளைக் குழந்தை மாதிரி, எது கறுப்பினக் குழந்தை மாதிரி என்ற அடையாளக் கேள்விகள். கடைசியில், ‘உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு.’ வரிசையைத் திருப்பினால் குழந்தை உஷாராகிவிடும், விருப்பக் கேள்விக்கு உண்மையான பதில் வராது. 16 பேரில் 10 பேருக்கு வெள்ளைப் பொம்மை பிடித்தது. 11 பேர் பழுப்புப் பொம்மை மோசமாகத் தெரிகிறது என்றார்கள்.

சோதனையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கை மிகக் குறைவு. கிளார்க்கின் முந்தைய ஆய்வுகளில், பிரித்து வைக்காத வடக்குப் பள்ளிகளிலும் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே எடுத்தார்கள், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. அப்படியானால் காரணம் பள்ளியா, சமூகமா? உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் ஜான் டேவிஸ் இந்த இடத்தில்தான் அடித்தார். தீர்ப்பின் 11-ஆம் அடிக்குறிப்பில் கிளார்க்கின் கட்டுரை இடம்பெற்றது உண்மை. ஆனால் அந்தப் பொம்மைகள்தான் வழக்கை வென்றன என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்வது மிகை. கைவசம் ஒரே ஒரு நிபுணர் சாட்சியத்தை வைத்துக்கொண்டு யாரும் நீதிமன்றம் போகாதீர்கள்.

தீர்ப்பு இரண்டுக்கு ஒன்று. பிரித்து வைக்கலாம், சமமாக்கி ஆறு மாதத்தில் அறிக்கை தாருங்கள் என்றது பெரும்பான்மை. பிரித்தல் என்பதே ஏற்றத்தாழ்வுதான் என்று வாரிங் தனியே எழுதினார்.

நான்காம் நாள்: சமர்ட்டன்

சார்ல்ஸ்டனிலிருந்து சுமார் 80 மைல், அதாவது 130 கிலோமீட்டர். கடைசிப் பகுதியில் நெடுஞ்சாலை மேரியன் ஏரியைக் கடக்கிறது. 1940-களில் அணை கட்டி இந்த ஏரியை உண்டாக்கியபோது சில பாதைகள் நீரில் மூழ்கின, கறுப்பினக் குழந்தைகள் சிலர் படகு வலித்துப் பள்ளிக்குப் போனார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்கு மாவட்டத்தில் 30 பேருந்துகள் ஓடின, இவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆகவே முதல் கோரிக்கை ஒரு பேருந்து, அவ்வளவே.

விவசாயி லீவை பியர்சன் 1947-இல் மனு கொடுத்தார், 1948-இல் வழக்குப் போட்டார். அவருடைய நிலம் இரண்டு பள்ளி வட்டங்களின் எல்லையில் கிடந்தது. வரி கட்டியது ஒரு வட்டத்தில், பிள்ளைகள் படித்தது இன்னொன்றில். வழக்குத் தொடர உரிமை இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. வக்காலத்து வாங்கும் முன் வரி ரசீதையும் வட்ட எல்லை வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு அரை நாள் போதும். இழந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அதற்குள் பியர்சனுக்கு விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுப்பார் இல்லை.

அடுத்த முறை மார்ஷல் நிபந்தனை வைத்தார்: குறைந்தது 20 மனுதாரர்கள் இருந்தால் வருகிறேன். போதகர் ஜோசஃப் டிலெய்ன் வீடு வீடாக அலைந்தார். 1949 நவம்பரில் 107 கையெழுத்துகளோடு மனு போயிற்று. பட்டியலில் முதலில் நின்றவர் ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் நிலையத் தொழிலாளி. அவர் வேலை போயிற்று, விடுதியில் வேலை பார்த்த அவர் மனைவி எலைசாவின் வேலையும் போயிற்று. டிலெய்னின் தேவாலயம் 1955-இல் எரிக்கப்பட்டது, அவர் மாநிலத்தை விட்டே ஓட வேண்டியிருந்தது. கையெழுத்து வாங்கும் முன் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்க வேண்டியவற்றை இந்த ஊரே சொல்கிறது: முதலாளி யார், வீடு யாருடையது, கடன் எங்கே இருக்கிறது, வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும். சொந்த நிலம் உள்ளவர், ஊருக்கு வெளியே சம்பளம் வாங்குபவர், தேவாலயத்தின் ஆதரவு உள்ளவர் என்று கலந்து எடுத்தால் பட்டியல் பாதியில் கரையாது.

1949-50 கணக்கில் மாவட்டம் ஒரு வெள்ளைக் குழந்தைக்கு 179 டாலரும் ஒரு கறுப்பினக் குழந்தைக்கு 43 டாலரும் செலவழித்தது. வழக்கு வந்ததும் ஆளுநர் ஜேம்ஸ் பைர்ன்ஸ் 1951-இல் 3 சதவீத விற்பனை வரி போட்டு, மாநிலம் முழுக்கக் கறுப்பினத்தவருக்குப் புதிய கட்டடங்கள் எழுப்பத் தொடங்கினார். ஸ்காட்ஸ் பிராஞ்ச் உயர்நிலைப் பள்ளியின் கட்டடம் அப்படி எழுந்ததுதான். பிரித்து வைப்பதைக் காப்பாற்றுவதற்காகவே கொட்டிய பணம். அதுவும் பழைய வெள்ளையர் பள்ளியும் 2022-இல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வந்துவிட்டன. டொபீகா போலக் காட்சிக்கூடம் இருக்கும் என்று எண்ணி வராதீர்கள், வெளியிலிருந்து பார்ப்பதற்குத் தயாராக வாருங்கள். ஊரில் சாப்பிடவும் அதிகம் கிடைக்காது.

ஐந்தாம் நாள்: ஃபார்ம்வில், வர்ஜீனியா

யு.எஸ். 15 என்ற பழைய நெடுஞ்சாலை சமர்ட்டன் வழியாகவும் ஃபார்ம்வில் வழியாகவும் போகிறது. ஒரே சாலையைப் பிடித்து வடக்கே வந்தால் ஒரு வழக்கிலிருந்து அடுத்த வழக்குக்கு வந்துவிடலாம். விரைவுச் சாலையைவிட நேரம் அதிகம், ஒரு பகல் முழுவதும் வேண்டும்.

ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி இப்போது அருங்காட்சியகம். 1939-இல் 180 மாணவர்களுக்காகக் கட்டியது, 1951-இல் 450-க்கு மேல் படித்தார்கள். மிச்சப் பேருக்குத் தார்க் காகிதம் ஒட்டிய மரக் கொட்டகைகள். அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவர் வேர்க்க, தள்ளி இருப்பவர் கோட்டைக் கழற்ற மாட்டார். ஏப்ரல் 23 அன்று 16 வயது பார்பரா ஜான்ஸ் தலைமையாசிரியரைப் பொய்த் தொலைபேசி அழைப்பால் வெளியே அனுப்பிவிட்டு, எல்லோரையும் மண்டபத்தில் கூட்டி வேலைநிறுத்தம் அறிவித்தாள். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியா வைத்திருந்த, உள்நாட்டுப் போரில் தெற்கின் தளபதியான லீயின் சிலை 2020-இல் அகற்றப்பட்டது, அந்த இடத்துக்கு இவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற ரிச்மண்ட் வழக்கறிஞர்கள் வேறொரு வழக்குக்குப் போகும் வழியில், பிள்ளைகளைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்பும் எண்ணத்தோடு வந்தார்கள். வந்து பார்த்ததும் மனம் மாறிவிட்டது. இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள்: புதிய கட்டடத்துக்காக வழக்குப் போட மாட்டோம், பிரித்து வைப்பதை எதிர்த்து மட்டுமே, பெற்றோர் சம்மதிக்க வேண்டும். மே 23 அன்று 117 மாணவர்களின் பெயரில் வழக்கு தாக்கலானது. வழக்கறிஞரைத் தேடி மாணவர்களே போன வழக்கு ஐந்தில் இது ஒன்றுதான்.

1959-இல் நீதிமன்றம் இனித் தள்ளிப்போட முடியாது என்றதும் மாவட்டம் பள்ளி வரியை விதிக்க மறுத்து, எல்லாப் பொதுப் பள்ளிகளையும் பூட்டிவிட்டது. வெள்ளைக் குழந்தைகள் தனியார் பள்ளிக்குப் போனார்கள், அதற்கு உதவித்தொகையும் வரிச் சலுகையும் உண்டு. சுமார் 1,700 கறுப்பினக் குழந்தைகளுக்குப் போக இடமில்லை. திறக்க ஐந்து ஆண்டு ஆயிற்று. 1964-இல் கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேவைப்பட்டால் வரி விதிக்கச் சொல்லியே ஆணையிடலாம் என்றது. ‘பாகுபாடு காட்டாதே’ என்று மட்டும் சொல்லும் ஆணைக்குப் பள்ளியையே மூடிவிடுவதுகூடக் கீழ்ப்படிதல்தான் என்று வாதிட இடம் இருந்தது. ஆணைக்குள் பணம் எங்கிருந்து வரும், யார் கொடுக்க வேண்டும் என்பது இருக்க வேண்டும்.

வர்ஜீனியா வழக்கறிஞர்களையும் குறிவைத்தது. பிறர் வழக்கைத் தூண்டி நடத்துவது குற்றம் என்று 1956-இல் சட்டங்களைத் திருத்தினார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டு வக்காலத்து வாங்கினால் உரிமம் போகலாம் என்ற நிலை. 1963-இல் பட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை உடைத்து, இப்படிப்பட்ட வழக்கு நடத்துவது கருத்து வெளிப்பாட்டுரிமைக்குள் வரும் என்றது. உரிமை கிடைத்துவிட்டதால் ஒழுங்கைக் கைவிடலாம் என்று பொருள் இல்லை. கூட்டத்தில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்காமல், எதிர்த்தரப்பு யார், என்ன கேட்கிறோம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பவற்றைப் படித்துக் காட்டி, தேதியோடு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வாங்க வேண்டும். ‘எதில் கையெழுத்துப் போட்டேன் என்றே தெரியாது’ என்று ஒரு பெற்றோர் குறுக்கு விசாரணையில் சொன்னால் போதும்.

ஆறாம் நாள்: நியூ கென்ட்

ரிச்மண்டிலிருந்து கிழக்கே அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். வயலும் காடும். பயணிகள் யாரும் வருவதாகத் தெரியவில்லை. பிரவுன் தீர்ப்பைவிட அதிகம் நடைமுறையை மாற்றியது இந்தச் சிற்றூரின் வழக்குதான் என்பது எங்கள் கருத்து.

1955-இல் நிவாரணம் பற்றிய இரண்டாம் பிரவுன் தீர்ப்பு வந்தது. வாதிகளின் வழக்கறிஞர்கள் அந்த செப்டம்பரையே கெடுவாகக் கேட்டிருந்தார்கள், போனால் போகிறது 1956 செப்டம்பர். நீதிமன்றம் தேதி எதுவும் தரவில்லை, ‘நிதானத்தோடு கூடிய வேகம்’ என்று எழுதிவிட்டது. பத்து ஆண்டு கழித்தும் நியூ கென்டில் ஒன்றும் நடக்கவில்லை. 1965-இல் ஃபெடரல் பணம் நின்றுவிடும் என்ற பயத்தில் பள்ளி வாரியம் ‘விருப்பத் தேர்வு’ திட்டம் கொண்டுவந்தது: யார் வேண்டுமானாலும் எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

மாவட்டத்தில் சுமார் 1,300 மாணவர்கள், 740 பேர் கறுப்பினம், 550 பேர் வெள்ளையர். இரண்டே பள்ளிகள்: கறுப்பினத்தவருக்கு வாட்கின்ஸ், வெள்ளையருக்கு நியூ கென்ட். இரு தரப்பாரும் மாவட்டம் முழுக்கக் கலந்தே குடியிருந்தார்கள். 21 பேருந்துகள், 11 ஒரு பள்ளிக்கும் 10 மற்றதற்கும், அதே சாலைகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. மூன்று ஆண்டில் ஒரு வெள்ளைக் குழந்தையும் வாட்கின்ஸ் பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1967-இல் 115 கறுப்பினக் குழந்தைகள் நியூ கென்ட் பள்ளிக்குப் போயிருந்தார்கள், 85 சதவீதம் பேர் பழைய இடத்திலேயே. கிழக்கு, மேற்கு என்று மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தாலே முடிந்திருக்கும். 1968 மே மாதம் கிரீன் வழக்கில் உச்ச நீதிமன்றம், திட்டத்தின் நோக்கத்தைப் பார்க்காமல் அதன் பலனைப் பார்த்தது: இப்போதே பலன் தரும் திட்டத்தைக் கொண்டுவருவது வாரியத்தின் பொறுப்பு, பிரிப்பைக் கலைக்க வேண்டிய சுமையைக் குழந்தைகள் தலையில் வைக்கக் கூடாது.

இன்றும் பிரிப்பை நீக்கச் சொன்ன பழைய ஆணைகளை முடித்து வைக்கக் கேட்டு ஒரு வாரியம் வந்தால், அந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்த ஆறு தலைப்புகளில் சோதிக்கிறார்கள்: மாணவர் ஒதுக்கீடு, ஆசிரியர், ஊழியர், போக்குவரத்து, பாடத்துக்கு வெளியேயான செயல்பாடுகள், கட்டட வசதி. ஆணை கேட்கும்போதே இந்த ஆறுக்கும் ஆண்டுதோறும் எண்களோடு அறிக்கை தரச் சொல்லிக் கேட்டால் கண்காணிப்பு எளிது. இல்லாவிட்டால் கேஸ் கட்டு அலமாரியில் தூங்கும். மிசிசிப்பியின் கிளீவ்லண்ட் ஊரில் 1965-இல் தொடங்கிய வழக்கில், ரயில் பாதைக்கு இரு பக்கமும் இருந்த பள்ளிகளை இணைக்கும் ஆணை 2016-இல்தான் வந்தது.

ஏழாம் நாள்: வாஷிங்டன்

உச்ச நீதிமன்றத்தைப் பார்க்க வார நாளில் போங்கள். நேரம் குறைவாக இருந்தால் பளிங்குத் தூண்களை விட்டுவிட்டு, நாடாளுமன்ற நூலகத்தின் மேடிசன் கட்டடத்துக்குப் போகலாம். புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி இலவச வாசகர் அட்டை வாங்கினால், கையெழுத்துப் பிரிவில் என்.ஏ.ஏ.சி.பி. ஆவணங்களைப் பார்க்கலாம். வாத உரைகளைவிட அவற்றில் இருக்கும் செலவுக் கணக்குகளும் கிளைகளுக்கு எழுதிய கடிதங்களும் தொழிலைக் கற்றுத் தரும்.

இன்றைய வேலை வேறு மாதிரி. சட்டம் போட்டுப் பிரிப்பது இல்லை. ஒரே தவறுக்கு ஒரு மாணவனுக்கு எச்சரிக்கை, இன்னொருவனுக்கு இடைநீக்கம். உயர் பாடப் பிரிவுகளில் யார் சேர்க்கப்படுகிறார், சிறப்புக் கல்விக்கு யார் தள்ளப்படுகிறார். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி, ஃபெடரல் பணம் பெறும் பள்ளி மீது கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் யாரும் புகார் தரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் இல்லை. கெடு, சம்பவ நாளிலிருந்து 180 நாள். பள்ளியின் உள்முறையீடு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் கெடுவைத் தவறவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் இந்த அலுவலகத்தின் 12 பிராந்தியக் கிளைகளில் 7-ஐ மூடுவதாக அறிவித்தார்கள், ஆகவே புகாரை மட்டும் நம்பி இருப்பது இப்போது புத்திசாலித்தனமில்லை.

நீதிமன்றம் போனால் 2001-இன் சாண்டோவல் தீர்ப்பு குறுக்கே நிற்கும். விளைவு ஏற்றத்தாழ்வாக இருக்கிறது என்பதை மட்டும் காட்டித் தனிநபர் ஆறாம் பிரிவின் கீழ் வழக்குத் தொடர முடியாது, உள்நோக்கத்தைக் காட்ட வேண்டும். உள்நோக்கத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. 1977-இன் ஆர்லிங்டன் ஹைட்ஸ் தீர்ப்பு சொன்ன வழிகளில் தேட வேண்டும்: முடிவுக்கு முன் நடந்தவற்றின் வரிசை, வழக்கமான நடைமுறையிலிருந்து விலகிய இடம், கூட்டக் குறிப்புகள், அந்த ஊரின் பழைய வரலாறு, யார் தலையில் விழுந்தது என்ற கணக்கு.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இது. பெற்றோர் கையெழுத்தோடு குழந்தையின் முழுப் பதிவேட்டையும் எழுத்தில் கேளுங்கள், பள்ளி 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும். மின்னஞ்சல்களையும் கண்காணிப்புக் கேமரா பதிவையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றே தனிக் கடிதம் அனுப்புங்கள், கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதே பள்ளியில், அதே விதியின் கீழ், அதே ஆண்டில் தண்டிக்கப்பட்ட மற்ற மாணவர்களின் பட்டியலைப் பெயர் நீக்கித் தகவல் சட்டத்தின் கீழ் கேளுங்கள். விதி எண்ணைக் குறிப்பிடாமல் ‘ஒழுங்கு நடவடிக்கைகள்’ என்று பொதுவாகக் கேட்டால், ஒப்பிட முடியாத குவியல்தான் வந்து சேரும். மனுதாரர்களில் கீழ் வகுப்புக் குழந்தைகள் இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும், வழக்கு முடிவதற்குள் எல்லோரும் தேர்ச்சி பெற்று வெளியே போய்விட்டால் தடையாணைக் கோரிக்கை காலாவதியாகிவிடும்.